வாந்திபேதியும் நீர்க்காவலும்

சென்னை நகரின் வடபால், பழைய வண்ணாரப்பேட்டைக்கும் பேசின் பாலத்துக்கும் அண்மையில் மூலக்கொத்தளம் என்றோர் இடம் உண்டு. கொத்தளம் என்பது மதிலினின்றும் புறத்தே துருத்தி நிற்கும் காவல் மேடை. பகைவர் வரவைத் தொலைவிலேயே கண்டு பீரங்கியால் தாக்குதற்கென அமைந்தது. 1767-ஆம் ஆண்டிலும் 1769-ஆம் ஆண்டிலும் ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் எல்லை வரை வந்து மீண்டது. அவ்வச்சத்தால், அந்நாளில் கறுப்பர் பட்டணம் என வழங்கிய பகுதியின் வடக்கிலும் மேற்கிலும் கும்பெனியார் வலிய மதில் ஒன்றை எடுத்தனர். அம்மதிலின் பொருட்டு வரி விதிக்க எண்ணியதற்கு அறிகுறியாக வால்டாக்ஸ் சாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. மதிலோ பெரும்பாலும் இடிந்தொழிந்தது. கொத்தளமும் பெயரளவில் நின்றுவிட்டது.

இற்றை நாளில் மூலக்கொத்தளம் என்றவுடன் மாந்தர் நினைவில் முன்னிற்பது ஆங்குள்ள இடுகாடும் சுடுகாடுமே. 1939-ஆம் ஆண்டில் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை புகுந்து உயிர் துறந்த நடராசன், தாளமுத்து ஆகிய இருவரின் நினைவிடங்கள் அங்கே உள்ளன. அவற்றைக் காணும் பொருட்டு மாணவர் சிலராகிய யாம் ஒரு நாட்காலையில் ஆங்குச் சென்றிருந்தோம். மீளும் வழியில், தெருக்குழாயருகே குடங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எவரைக் காண வந்தீர்கள் என்று எம்மை வினவினார். எழுபது பிராயம் கடந்தவர் அவர். யாம் விடை கூறவே, “என் தம்பியும் உள்ளேதான் இருக்கான்” என்று தொடங்கித் தம் இளமையில் நேர்ந்த ஒன்றைச் சொன்னார்.

ஐந்து வயது நிரம்பாத அத்தம்பிக்கு ஒரு நாள் நள்ளிரவில் வாந்தியும் பேதியும் ஒருங்கே கண்டன. பேதியாகும் குழந்தைக்கு நீர் கொடுத்தால் பேதி மிகும் என்பது அந்நாளைய பெரியோரின் துணிபு. ஆகலின், ஈரத்துணியால் உதட்டை நனைத்ததன்றி ஒரு வாய் நீரும் அவர்கள் கொடுத்திலர். பொழுது புலருமுன் குழந்தை இறந்தது. “தண்ணி தண்ணின்னு கேட்டான், கண்ணுங்களா, ஒரு வாய் குடுக்க விடல” என்று கூறி அம்மூதாட்டியார் தம் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அக்குழந்தைக்கு வந்த நோய் காலரா எனப்படும் வாந்திபேதியோ, அதனையொத்த பிறிதொன்றோ, யாம் அறியோம். எதுவாயினும், குழந்தை இறந்தது நோய்க் கிருமியால் மட்டுமன்று. நீர் இழந்த உடலுக்கு நீர் மறுக்கப்பட்டதாலும் இறந்தது. வாந்திபேதி நீரால் வருவது. உடலின் நீரைப் பறித்துக் கொல்வது. நீரைக் கொண்டே தீர்க்கத் தக்கது. இம்மூன்றையும் தெளிய அறிந்தோர் இல்லத்தில் அதற்கு ஆற்றல் இல்லை. ஆதலின் இந்நோயின் இயல்பையும், குறிகளையும், அதனைத் தீர்க்கும் நெறியையும், தடுக்கும் நெறியையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்போம்.

நோயின் வரலாறு

வங்க நாட்டில் நெடுங்காலம் அடங்கிக் கிடந்த இந்நோய் 1817-ஆம் ஆண்டில் பெருங்கொள்ளையாக எழுந்து, அடுத்த ஆண்டே தென்னாடு புகுந்தது. வறியோர், செல்வர் என்னும் வேற்றுமையை அது நோக்கிற்றில்லை. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்து மக்களின் அன்பைப் பெற்ற ஸர் தாமஸ் மன்றோ, பணியினின்று விடைபெறுமுன் உள்நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் இந்நோய்க்கே இரையானார். தீவுத்திடலருகே குதிரைமீது கம்பீரமாக வீற்றிருக்கும் அவர் சிலையைக் கண்டிராதார் சென்னையில் அரியர். படையும் பரிவாரமும் புடைசூழச் சென்றவரைக் கொன்ற பகைவனுக்கு வாளும் இல்லை, குதிரையும் இல்லை.

இந்நோய் கெட்ட காற்றினால் வருவதென்றே மேனாட்டு வைத்தியரும் நெடுங்காலம் கருதினர். 1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் பிராட் தெருவைச் சூழ்ந்த வீடுகளில் மக்கள் திரள்திரளாக மாண்டபோது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இறந்தவருட் பெரும்பாலோர் அத்தெருவிலிருந்த ஒரே குழாய்க் கிணற்றின் நீரைப் பருகியவர் எனக் கண்டார். அதே தெருவில் வாழ்ந்தும் வேறு நீர் பருகியோர் பிழைத்தமையும் அவர் கருத்திற் பட்டது. அவர் வேண்டுகோட்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. கிருமி இன்னதென்று அவர் அறிந்திலர். ஆயினும் அது வரும் வழியை அறிந்தார். பின்னர் 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, நோயாளரின் குடலிலும், அவர்கள் நீர் எடுத்த குளத்திலும், காற்புள்ளி போல் வளைந்த ஒரே வகை நுண்ணுயிரைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்.

நம் நகரின் நீர் வரலாற்றையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். மதிலுக்குள் அமைந்த ஏழு கிணறு என்னும் இடத்தினின்றும் கோட்டைக்கு நீர் கொண்டுசெல்லும் ஏற்பாடு 1772-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏனைய மக்களோ ஆழமில்லாத கிணறுகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தனர். 1872-ஆம் ஆண்டில் செங்குன்றத்து ஏரி நீர் நகருக்குக் கொணரப்பட்டது. ஆனால் அது வடிகட்டப்படாத நீர். கீழ்ப்பாக்கத்தில் மணற்படுகைகளால் நீரை வடிகட்டும் நிலையம் 1914-ஆம் ஆண்டில் அமைந்த பின்னரே தூய நீர் என்பது நகர மக்களுக்கு உரித்தாயிற்று. பகைவரைத் தடுக்கும் மதிலை மிகச் சில ஆண்டுகளில் எடுத்து முடித்த ஊருக்கு, நோயைத் தடுக்கும் நீர்நிலையம் வாய்க்க நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன!

இந்நோய் பழங்கதையாகிவிட்டதென்று எண்ணுவாரும் உளர். அவர்கள் 1992-ஆம் ஆண்டை நினைவு கூர்தல் நலம். வாந்திபேதிக் கிருமியில் ஓ-1 என்னும் ஒரு பிரிவே கொள்ளை நோயை விளைக்கும் என்று அதுவரை அறிஞர் கொண்டிருந்தனர். அவ்வாண்டில் இச்சென்னையிலேயே, அப்பிரிவைச் சாராத புதுக் கிருமி ஒன்று நோயாளரிடம் காணப்பட்டது. பின்னர் அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்து பல்லாயிரவரை வருத்தியது. ஓ-139 என்று எண்ணிட்டு, வங்காளக் கடலோரத்தில் தோன்றியமையால் வங்காளம் என்னும் அடையும் சேர்த்து அதனை அழைத்தனர். பழைய கிருமியை எதிர்க்கும் ஆற்றல் பெற்றிருந்த பெரியோரையும் இப்புதியது வீழ்த்தியது. நாளடைவில் அது தணிய, பழைய பிரிவே மீண்டும் தலையெடுத்து நிற்கிறது. உறங்கும் பகை இறந்த பகையன்று.

கிருமியின் செயல்

நோயாளரின் மலத்தோடு வெளிப்படும் கிருமி, குடிநீர் வாயிலாகவோ உணவு வாயிலாகவோ பிறர் வயிற்றை அடைகிறது. இரைப்பையின் புளிப்பு நீர் அதனுட் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். தப்பியவை சிறுகுடலை அடைந்து அதன் சுவரைப் பற்றிக்கொண்டு ஒருவகை நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சின் இயல்பை 1959-ஆம் ஆண்டில் ஆய்ந்து நிறுவியவர் கல்கத்தா அறிஞர் சம்புநாத் தே ஆவார். இக்கிருமி குடலை அரிப்பதுமில்லை, குருதியிற் கலப்பதுமில்லை. அதன் நஞ்சு குடற்சுவரிலுள்ள மடைகளைத் திறந்துவிடுகிறது. உடலின் உப்பும் நீரும் தடையின்றிக் குடலுட் பாய்ந்து வெளியேறுகின்றன. கடிய நோயில் ஒரு மணிப்பொழுதுக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பதும் உண்டு. நீர் குறையவே குருதி குறுகும், நாடி தளரும், சிறுநீரகம் தன் தொழிலை நிறுத்தும். ஆரோக்கியமாக இருந்த ஒருவர் சில மணி நேரத்தில் மடிவது இக்காரணத்தாலேயே.

நோய்க்குறிகள்

கிருமி உட்புகுந்த சில மணி முதல் ஐந்து நாளுக்குள் நோய் வெளிப்படும். கிருமியை ஏற்றவருட் பெரும்பாலார்க்கு யாதொரு குறியும் தோன்றாது. சிலர்க்கு எளிய பேதியாக வந்து மறையும். ஆயினும் அவர்களும் மலத்தின் வழியே கிருமியைப் பரப்புவர் என்பதை மறத்தலாகாது.

கடிய நோய் முன்னறிவிப்பின்றி வரும். வயிற்றுவலி பெரிதும் இராது. காய்ச்சலும் பெரும்பாலும் இராது. பேதியானது முதலில் மலத்தோடு கழிந்து, பின்னர் அரிசி களைந்த கழுநீர் போல வெளுத்து, குடங்குடமாகப் போகும். வாந்தி உடன் வரும். அடங்காத் தாகம், கண் குழிதல், வாயும் நாவும் உலர்தல், குரல் கம்மல், கெண்டைக்கால் முதலிய இடங்களில் சுளுக்கு, சிறுநீர் குன்றுதல் என்பன அடுத்தடுத்துத் தோன்றும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அஃது உடனே படியாது மடிப்பாகவே சிறிது நேரம் நிற்கும். குழந்தையாயின் அழும்போது கண்ணீர் வாராது. மயக்கம், நீர் பருகவும் இயலாமை, கை கால் குளிர்தல், நாடி அகப்படாமை ஆகிய இவை பேரபாயக் குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் நொடியும் தாழாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். தண்டையார்பேட்டையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனை வடசென்னை மக்கள் இத்தகைய நோய்களுக்கு நெடுங்காலமாக நாடிச் செல்லும் இடமாகும்.

தீர்க்கும் நெறி

இழந்த நீரையும் உப்பையும் இழந்த அளவு மீட்டுத் தருதலே இந்நோய்க்குத் தலையாய சிகிச்சை. 1832-ஆம் ஆண்டிலேயே ஸ்காத்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா, சாகும் தறுவாயிலிருந்தோர்க்கு நரம்பின் வழியே உப்பு நீர் ஏற்றிச் சிலரைப் பிழைப்பித்தார். ஆனால் ஊசியும், குழாயும், பயின்ற மருத்துவரும் எல்லா இடத்தும் எங்ஙனம் கிட்டும்?

இதற்கு விடை குடலின் இயல்பிலேயே மறைந்திருந்தது. நஞ்சு எத்தனை மடைகளைத் திறந்துவிட்டாலும், சர்க்கரையும் உப்பும் ஒருங்கு சேர்ந்து உட்செல்லும் வாயில் ஒன்றை அது அடைப்பதில்லை. அவ்விரண்டும் புகும்போது நீரும் உடன் புகுகிறது. தனி நீரால் ஆகாதது, அளவாகச் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரால் ஆகிறது. 1971-ஆம் ஆண்டில் வங்கதேசப் போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து வந்தபோது, பங்காவ் ஊரின் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்து போகவே, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் இக்கலவை நீரைப் பெரிய கலங்களில் கரைத்து, நோயாளரின் தாய்மார் கையிலும் உற்றார் கையிலும் குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். நோயுற்றவருள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாண்ட முகாமில், அவ்வெண் நூற்றுக்கு நால்வரினும் குறைந்தது. மருத்துவரின் கருவியாக இருந்தது அன்று தாயின் கைக்கு வந்தது.

அக்கலவையே இன்று உப்பு சர்க்கரைக் கரைசல் என்னும் பெயரில் பொட்டலங்களாகக் கிடைக்கிறது. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் விலையின்றியே தருகின்றனர். பொட்டலத்தில் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுவதையும் கரைத்து, அன்றைக்கே பருகி முடித்தல் வேண்டும். மிகுந்ததை மறுநாள் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிட்டாதாயின், ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் இட்டுக் கரைத்துக்கொள்ளலாம். உப்பு மிகுந்தால் தீங்கு, கண்ணீரினும் கரிக்கலாகாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் கைகொடுக்கும்.

ஒவ்வொரு முறை பேதியானவுடனும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி லிட்டரும், பெரியவர்க்கு வேண்டுமளவும் கொடுக்க வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, உணவையும் நிறுத்தலாகாது. குழந்தைகட்குத் துத்தநாக மாத்திரையை வைத்தியர் பத்து முதல் பதினான்கு நாள் வரை கொடுக்கச் சொல்வர். கடிய நோயாளர்க்கு நரம்பில் நீர் ஏற்றுதலும், கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தலும் வைத்தியரின் பொறுப்பு. பேதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கித் தாமே விழுங்குதல் தவறு. சிகிச்சை பெறாத கடிய நோயாளருள் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். காலத்தில் நீர் பெற்றவருள் நூற்றுக்கு ஒருவர் கூட இறப்பதில்லை. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் சில குவளை நீரே.

தடுக்கும் நெறி

வடசென்னையின் பழந்தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே புதையுண்டு கிடக்கின்றன. குடிநீர்க் குழாய் நிரம்பி விசையோடு ஓடும்வரை, அதன் விரிசல் வழியே நீர் வெளியே கசியுமேயன்றி மாசு உள்ளே புகாது. நீர் விடுதல் நின்றவுடன் குழாய் வெறுமையாகும்; அப்போது சுற்றிலுமுள்ள கழிவு விரிசல் வழியே உட்புகும். மின்விசைப் பொறியைக் குழாயிற் பொருத்தி உறிஞ்சுவோர் அம்மாசையும் சேர்த்தே உறிஞ்சுகின்றனர். 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்தவை போன்ற பெருவெள்ளங்களில், மேல் நீரும் கீழ் நீரும் ஒன்றாகிவிடும். 2010-ஆம் ஆண்டு முதல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவில் நீர் தரவல்லதாக அமைந்துள்ளது. நீர் எத்துணைத் தூயதாகப் புறப்பட்டாலும், அது வரும் வழி பழுதாயின் குடத்தை அடைவது நஞ்சே. ஆகவே பழைய குழாய்களை மாற்றுதலும், கசிவைக் காலத்தில் அடைத்தலும் மதில் எடுத்தலினும் சிறந்த காவல் எனக் கருதுகிறோம். இஃது ஆட்சியாளரின் கடமை. இதனைக் கேட்டுப் பெறுதல் குடிகளின் உரிமை.

இனி இல்லத்தார் செய்யத்தக்கவை சில. நீர் கலங்கியோ நாற்றத்தோடோ வந்தால் அதனைப் பருகாது, குடிநீர் வாரியத்துக்கு உடனே தெரிவிக்கவேண்டும். குளோரின் மணம் சிறிது வீசுதல் குற்றமன்று. குழாயின் கடைமுனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே விதி. நீரைக் கொதிக்க வைத்து, கொதி எழுந்தபின் ஒரு நிமிடமேனும் விட்டு இறக்கவேண்டும். வெதுவெதுப்பாகச் சுட வைத்தல் போதாது. காய்ச்சிய நீரை வாய் குறுகிய கலத்தில் மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளவேண்டும். குடத்துள் கையையும் குவளையையும் விடுவதனால் காய்ச்சிய பயன் கெடும்.

மலங்கழித்த பின்னும், குழந்தையைக் கழுவிய பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும். உணவைச் சூட்டோடு உண்க. ஈ மொய்த்த பண்டம், தெருவில் அறுத்து வைத்த பழம், இன்ன நீரிற் செய்ததென்று அறியாத பனிக்கட்டி ஆகியவற்றை விலக்குக. காசிமேட்டினின்றும் வாங்கும் இறாலையும் நண்டையும் நன்கு வெந்தபின்னரே உண்க. இக்கிருமி உவர்நீரிலும் வாழவல்லது. நோயாளரின் கழிவைக் கழிப்பறையிலிட்டு வெளுப்புத்தூள் தூவவேண்டும். அவர் துணியைத் தெருக்குழாயடியில் அலசுதல் ஊருக்கே தீங்கு. இந்நோயால் இறந்தோர் இல்லத்தில் உடலைக் கழுவியோர் கைகளைத் தூய்மை செய்யாது உணவு பரிமாறலாகாது. ஒரு தெருவில் இருவர் மூவர்க்குப் பேதி கண்டால், அதனை மறையாது மாநகராட்சியின் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். வாய்வழி கொடுக்கும் தடுப்பு மருந்தும் உண்டு. நம் நாட்டில் ஹைதராபாத்திலேயே அது ஆக்கப்படுகிறது. அது சில காலம் காக்கும். ஆயினும் தூய நீருக்கு ஈடாகாது. குடற்காய்ச்சலும், ஒருசார் மஞ்சட்காமாலையும் இதே வழியில் வருவன ஆகலின், வாந்திபேதிக்கு அடைத்த வாயில் அவற்றுக்கும் அடைத்த வாயிலே.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் யாம் மீண்டும் ஒருமுறை மூலக்கொத்தளம் சென்று அம்மூதாட்டியாரைக் கண்டோம். பேசிக்கொண்டிருக்கையில் அவர் எழுந்து, அலமாரியினின்றும் உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள் இரண்டை எடுத்துக் காட்டினார். அங்கன்வாடியிற் கேட்டு வாங்கியது என்றும், கொள்ளுப்பேரன் பொருட்டு எப்போதும் வீட்டில் வைத்திருப்பதாகவும் கூறினார். அவர் எம்மாட்டுக் கல்வி கற்றவரல்லர். ஆயினும் தாம் இழந்ததினின்றும் கற்றுக்கொண்டார். ஒருவர் தம்பியை இழந்து கற்றதை, ஏனையோர் எவரையும் இழவாமலே கற்றல் கூடும். அதற்கன்றோ கல்வி?

ஆதலின் விடுமுறையில் தத்தம் ஊர் செல்லும் நம் மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும், ஒரு வீட்டாருக்கேனும் இரண்டு செய்திகளைச் சொல்லி வருவாராக: பருகும் நீரைக் காய்ச்சிப் பருகுக, பேதியானவர்க்கு நீர் மறுக்கற்க. கல்லால் எடுத்த மதில் இடிந்து போயிற்று. அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்லும் இச்சிறு காவலேனும் இடியாது நிற்பதாக.